கருப்பர் குதிரையும் கித்தாக் காட்டு இருட்டும்

பேய் இருக்கிறதா, இல்லையா? இந்தக் கேள்வியைப் பட்டணத்தில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் "எந்த நிரையில?" என்று அவர் திருப்பிக் கேட்கக் கூடும். அவருக்குப் பேய் என்பது பொதுவான ஒரு விஷயம் கிடையாது. அதற்கு ஓர் இடம் உண்டு. பழைய கிணற்றுப் பக்கம், ஆற்றோர நிரை, மூங்கில் புதருக்குப் பின்னால், கடைசி லயத்துக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் என்று குறிப்பாகத்தான் சொல்வார்.

இதற்குக் காரணம் அவருடைய தொழில். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது குறைந்து விடும். ஆகவே பொழுது விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, வாளியும் உளியுமாகக் காட்டுக்குள் போக வேண்டும். நெற்றியில் கட்டிய சிறு விளக்கின் வெளிச்சம் ஒரு மரத்துக்கு மேல் எட்டாது. வரிசை வரிசையாக ஒரே மாதிரி மரங்கள். பக்கத்து நிரையில் வெட்டுபவரின் விளக்கு மினுக்கும். சில சமயம் அதுவும் மறைந்து விடும். பெண்களும் இந்த இருட்டுக்குள்தான் போனார்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போன தாய்மார்களும் உண்டு. இப்படி வாழ்ந்த ஒரு சமூகத்துக்குத் திகில் கதை சொல்லித் தர யாரும் வர வேண்டியதில்லை.

தமிழகத்தின் மர்ம நாவலாசிரியர் இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10ஆம் நாள் மதுரையில் காலமானபோது, இங்குள்ள அவருடைய வாசகர்களும் ரசிகர்களும் பழைய தொடர்களை மீண்டும் பேசத் தொடங்கினார்கள். 'மர்மதேசம்' பற்றிய பேச்சில் சுங்கைப்பட்டாணிக்காரர், கூலிம்காரர், பாடாங் செராய்க்காரர் கலந்து கொண்டால் அது வேறு பக்கம் திரும்பி விடுகிறது. கதையில் வந்த கருப்பு, தோட்டத்தில் இருந்த கருப்பர் ஆகி விடுகிறார். இது ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோரைப்பல் அரசன்

கெடா பழைய மண். சோழப் பேரரசன் இராஜேந்திரன் 1025ல் கடல் கடந்து படை அனுப்பி வென்ற கடாரம் இதுதான். மெர்போக் வட்டாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கில் இந்து, பௌத்தக் கட்டட எச்சங்கள் இன்றும் இருக்கின்றன. புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளத்தை இன்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

இந்த மண்ணுக்கென்றே ஒரு திகில் கதை உண்டு. 'ஹிக்காயாட் மேரோங் மஹாவங்சா' என்ற மலாய்க் காவியத்தில் வரும் ராஜா பெர்சியோங், அதாவது கோரைப்பல் அரசன் கதை. அரண்மனைச் சமையல் ஆள் கீரை நறுக்கும்போது விரலை வெட்டிக் கொள்கிறார். ஒரு சொட்டு இரத்தம் கறியில் கலந்து விடுகிறது. அரசனுக்கு அந்தச் சுவை பிடித்துப் போகிறது. உண்மை தெரிந்த பிறகும் அவன் விடவில்லை. முதலில் குற்றவாளிகளின் இரத்தம், பிறகு குடிமக்களின் இரத்தம். வாயில் கோரைப்பல் முளைக்கிறது. குடிகள் பொறுக்க மாட்டாமல் எழுந்து அவனைத் துரத்துகிறார்கள். ஓடும் வழியில் அவன் தன் கோரைப்பற்களைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் என்பார்கள். மலாய் மொழியில் 'பாலிங்' என்றால் வீசி எறிதல்.

பேய்க்கதை மாதிரித் தோன்றினாலும் இது கொடுங்கோல் ஆட்சியைப் பற்றிய கதை. குடிமக்கள் அரசனை விரட்டிய கதை. அலோர்ஸ்டாரில் பிறந்து, கெடா நிர்வாகத்தில் மாவட்ட அதிகாரியாகப் பணி செய்து, பின்னர் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மானுக்கு இந்தக் கதையின் மேல் தனி ஈடுபாடு. அவர் எழுதிய கதையை வைத்து 'ராஜா பெர்சியோங்' என்ற படத்தை ஜமில் சூலோங் இயக்கி 1968ல் வெளியிட்டார். பதவியில் இருக்கும் பிரதமர் ஒருவர் இரத்தம் குடிக்கும் மன்னனைப் பற்றிச் சினிமாவுக்குக் கதை கொடுப்பது உலகத்திலேயே அபூர்வம்.

பால்மரம் வெட்ட வந்த தமிழர்கள் தங்கள் பேய்களைத் தாங்களே கொண்டு வந்தார்கள். மோகினி, காட்டேரி, கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் கப்பலேறி வந்தன. கூடவே காவல் தெய்வங்களும் வந்தன. தோட்டத்தின் நடுவில் மாரியம்மன் கோயில். தோட்டத்து எல்லையில், பெரிய மரம் ஒன்றின் அடியில், முனியாண்டி அல்லது மதுரை வீரன் அல்லது சங்கிலிக் கருப்பர். நட்டு வைத்த அரிவாள், சுருட்டு, சேவல், ஒரு போத்தல் கருப்பு பீர். மாரியம்மனிடம் மழையும் பிள்ளைவரமும் கேட்டவர்கள், அநியாயம் நடந்தால் மட்டும் எல்லைச் சாமியிடம் போனார்கள். கோழி திருடியவன், மற்றவர் குடும்பத்தைக் கெடுத்தவன், கூலியில் கை வைத்தவன் என்று எல்லா வழக்கும் அங்கே போயிற்று. துரையிடம் சொன்னால் கங்காணி கெட்டவனாவான், கங்காணியிடம் சொன்னால் சொன்னவன் கெட்டவனாவான் என்ற நிலையில், கருப்பரிடம் மட்டும்தான் பயமில்லாமல் வழக்குச் சொல்ல முடிந்தது.

போர்க்காலம் இந்தப் பயத்துக்கு வேறு முகம் கொடுத்தது. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டவர்களில் ஏராளமானோர் திரும்பி வரவில்லை. 1943ல் கெடா மாநிலத்தையே ஜப்பானியர் சயாமிடம் ஒப்படைத்தார்கள். பிறகு 1948ல் அவசர காலம். ஊரடங்கு, முள்வேலி, இரவில் எந்தப் பக்கத்துத் துப்பாக்கி வெடிக்கும் என்று தெரியாத நிலை. சடலம் கூடக் கிடைக்காமல் போனவர்களுக்குக் கருமாதி செய்வது எப்படி? அவர்கள் தோட்டத்துக் கதைகளில் ஆவியாக வந்து போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பொந்தியானா எடுத்த தமிழ்ப்பட இயக்குநர்

இந்த நாட்டில் திரையில் பேயைக் கொண்டு வந்து வெற்றி கண்ட படம் 1957ல் வந்த 'பொந்தியானாக்'. சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் எடுத்தது. கதாநாயகி மரியா மெனாடோ. இயக்கியவர் பி.என்.ராவ் என்று சொன்னால் இன்றைய இளையோர் பலருக்குத் தெரியாது. கேரளத்தைச் சேர்ந்த அவர், இங்கு வருவதற்கு முன் தமிழில் 'ரம்பையின் காதல்' (1939), 'மதனகாமராஜன்' (1941) ஆகிய படங்களை இயக்கியவர். தேவலோக ரம்பையை எடுத்த கைதான் மலாய்க் கிராமத்துப் பொந்தியானாவையும் எடுத்தது. அடுத்து 'டென்டாம் பொந்தியானாக்', 'சும்பா பொந்தியானாக்' என்று தொடர்ச்சியாக வந்தன. 1958ல் எல்.கிருஷ்ணன் 'ஓராங் மிஞாக்' எடுத்தார். அவர் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். அதே ஆண்டில் பி.ரம்லியும் எண்ணெய் பூசிய அந்த மனிதனை வைத்துத் தனியே ஒரு படம் எடுத்தார்.

'பொந்தியானாக்' கதையைக் கவனியுங்கள். கூனல் விழுந்த, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு பெண். மந்திர மருந்தால் பேரழகியாகிறாள். ஒரே ஒரு நிபந்தனை, அவள் நாக்கில் இரத்தம் படக்கூடாது. கணவனைப் பாம்பு தீண்டியபோது விஷத்தை உறிஞ்சி எடுக்கிறாள். இரத்தம் நாக்கில் பட்டு விடுகிறது. அவ்வளவுதான். கணவன் உயிரைக் காப்பாற்றப் போய்ப் பேயானவள் அவள். கோரைப்பல் அரசனுக்கும் இவளுக்கும் இரத்தச் சுவையில்தான் விதி மாறுகிறது. ஆனால் அவன் ஆசையால் கெட்டான், இவள் அன்பால் கெட்டாள். தோட்டத்துப் பெண்கள் இந்தப் படத்தைப் பார்த்துப் பயந்ததோடு அழவும் செய்தார்கள் என்றால் நம்பலாம்.

படம் பார்க்கப் பட்டணத்துக்குப் போக முடியாதவர்களுக்குத் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். பாய், சாக்கு எல்லாம் கொண்டு போய் இடம் பிடித்து வைப்பார்கள். துணிக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். படம் முடிந்து லயத்துக்கு நடந்து வரும் வழியில்தான் உண்மையான படம் ஆரம்பமாகும். 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963), 'யார் நீ' (1966), 'அதே கண்கள்' (1967) என்று தமிழில் வந்த மர்மப் படங்களின் பாட்டுகள் பிற்பாடு வானொலியில் வந்தாலே பிள்ளைகள் அம்மாவிடம் ஒட்டிக் கொண்ட காலம் அது.

பி.என்.ராவின் 'பொந்தியானாக்' படச்சுருள் இன்று இல்லை. தொலைந்து விட்டது. அவ்வளவு பேர் பார்த்த படத்தை இனி யாரும் பார்க்க முடியாது.

கைமாறிய மாத நாவல்கள்

எழுத்துக்கு வருவோம். தோட்டத்தில் புத்தகம் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். படித்தவர்கள் நிறையப் பேர். கிராணி வீட்டிலிருந்து ஆசிரியர் வீட்டுக்கு, அங்கிருந்து லயத்துக்கு, லயத்தில் வீடு வீடாக என்று ஒரு புத்தகம் அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போகும் வரை நடந்தது. மர்மக் கதையில் கடைசிப் பக்கம் இல்லாவிட்டால் எப்படி இருக்கும்! கொலைகாரன் யாரென்று முதலில் படித்தவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டியதும் உண்டு.

தமிழ்வாணனின் சங்கர்லால் வெளிநாட்டுப் பட்டணங்களில் துப்பறிந்தார். ரசிகர்கள் அவருடைய தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கூட விடவில்லை. பி.டி.சாமி பேய்க்கதைகளாலேயே பெயர் வாங்கினார். 1980களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் சுங்கைப்பட்டாணி, அலோர்ஸ்டார் புத்தகக் கடைகளில் கயிற்றில் தொங்கின. பஸ் ஏறும்போது ஒன்று வாங்கினால் இறங்குவதற்குள் முடிந்து விடும்.

இவர்களுக்கு நடுவில் சுஜாதா ஒரு தனி ரகம். 1981ல் குமுதத்தில் தொடராக வந்த 'கொலையுதிர் காலம்' பேயா, விஞ்ஞானமா என்று வாசகரை இரு பக்கமும் இழுத்த கதை. கணேஷ் ஒன்று நினைக்க, வசந்த் வேறொன்று நினைப்பான். லேசர் ஒளியில் உருவம் தோன்ற வைக்கலாம் என்ற விளக்கத்தை அதில்தான் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். சுஜாதா 2008ல் மறைந்தார். 2019ல் அதே பெயரில் ஒரு படம் வந்தது. ஆவலோடு போன வாசகர்களுக்கு ஏமாற்றம். பெயர் மட்டும்தான் சுஜாதாவுடையது, கதை வேறு. தலைப்பை மட்டும் எடுத்துக் கொள்வது என்ன நியாயம் என்று ரசிகர்கள் கேட்டதில் தவறில்லை.

சுஜாதாவின் பேய் படித்தவர்களின் பேய். அதற்கு மின்சாரம் வேண்டும், பங்களா வேண்டும். லயத்து வீட்டுக்கு அது வராது. லயத்துக்குப் பக்கத்தில் நின்ற சாமியைக் கதையில் கொண்டு வந்தவர் வேறொருவர்.

தோட்டக்காரமங்கலம்

இந்திரா சௌந்தர்ராஜனின் இயற்பெயர் சௌந்தர்ராஜன். தாயார் பெயரை முன்னால் சேர்த்துக் கொண்டார். 1958ல் சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவர். சித்தர்கள், ரசவாதம், நவபாஷாணம், ஓலைச்சுவடி, பாழடைந்த கோயில், மறுபிறவி - இவைதான் அவருடைய சரக்கு. இதற்கு முன்னும் இப்படி எழுதியவர்கள் உண்டு. ஆனால் அவர் ஒரு பத்தியில் பக்தரைப் பேச விடுவார், அடுத்த பத்தியில் டாக்டரைப் பேச விடுவார். இருவரில் யாரையும் முட்டாளாக்க மாட்டார். அவருடைய வாசகரில் நாத்திகரும் உண்டு, சாமியாடியும் உண்டு என்பதற்கு இதுதான் காரணம்.

1990களில் அவருடைய கதைகளை இயக்குநர் நாகா 'மர்மதேசம்' என்ற தலைப்பில் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். தயாரித்தது கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம். முதலில் வந்த 'ரகசியம்' நவபாஷாண லிங்கத்தைச் சுற்றிய கதை. அடுத்து வந்ததுதான் 'விடாது கருப்பு'. 'விட்டு விடு கருப்பா' என்ற நாவலின் திரைவடிவம். ராஜேஷ் வைத்யாவின் இசையில் அந்தத் தொடக்கப் பாட்டு ஒலித்தால் போதும், வீட்டில் பேச்சு நின்று விடும். இங்கே வீடியோக் கடைகளில் தமிழகத் தொடர்களை நாடாவில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. ஒரே இரவில் நாலைந்து பாகம் பார்த்துவிட்டு, அடுத்த நாடா கடைக்கு வரவில்லை என்றால் கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் இருந்தார்கள். இன்று யூடியூப்பில் முழுத் தொடரும் கிடைக்கிறது. பாட்டி பார்த்துப் பயந்ததைப் பேரன் கைப்பேசியில் பார்க்கிறான்.

கதை நடக்கும் ஊரின் பெயர் தோட்டக்காரமங்கலம். இங்கே தங்களைத் 'தோட்டக்காரர்கள்' என்றே சொல்லிப் பழகியவர்களுக்கு அந்தப் பெயரே போதும். அந்த ஊரின் காவல் தெய்வம் கருப்பசாமி. குற்றம் செய்தவன் தப்ப முடியாது. இரவில் குதிரைக் குளம்பொலி கேட்கும். மறுநாள் தப்புச் செய்தவனுக்குத் தண்டனை கிடைத்திருக்கும். பட்டணத்துப் படிப்போடு ஊருக்கு வரும் இளையோர் இதற்குக் காரணம் தேடுகிறார்கள். கடைசியில் விடை ஒரு மனிதனிடம் போய் நிற்கிறது. சேத்தன் நடித்த ராஜேந்திரன் என்ற பாத்திரம். பேச்சிக் கிழவியிடம் கருப்பர் கதை கேட்டு வளர்ந்த சிறுவன், அநியாயத்தைக் காணும்போதெல்லாம் தானே கருப்பராகி விடுகிறான். பகலில் அவனுக்கே அது தெரியாது. ஒருவருக்குள் இரு ஆளுமை என்று மருத்துவம் சொல்லும் நோய். சி.கே.சரஸ்வதியின் பேச்சிக் கிழவியை மறக்கக் கூடியவர்கள் யார்?

விவாதம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. ஒரு தரப்பு ரசிகர்களுக்கு இந்த முடிவு பெரிய திருப்தி. சாமி பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவதெல்லாம் மனத்தின் வேலை என்று காட்டி விட்டார், தோட்டத்தில் பேயோட்டுகிறேன் என்று வேப்பிலையால் அடி வாங்கிய பெண்களை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பது இவர்கள் வாதம். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. பிள்ளை பெற்ற பின் மனம் தளர்ந்த பெண்ணையும், வலிப்பு கண்ட பிள்ளையையும் 'காத்துக் கருப்பு அண்டிருச்சு' என்று சொல்லிக் காலம் கடத்திய குடும்பங்கள் நிறைய.

மறு தரப்பு ரசிகர்களுக்கு இந்த முடிவே பிடிக்கவில்லை. அவ்வளவு நாள் குதிரைச் சத்தம் கேட்க வைத்துவிட்டு, கடைசியில் 'வியாதி' என்றால் என்ன அர்த்தம்? ராஜேந்திரனுக்குள் வந்தது நோய் என்றால், திருவிழாவில் அரிவாள் மேல் ஏறி நிற்கும் மருளாடிக்குள் வருவதும் நோய்தானா? கருப்பர் ஒருவன் உடம்பை எடுத்துக் கொண்டு நியாயம் கேட்டார் என்று ஏன் வைத்துக் கொள்ளக் கூடாது? சாமிக்கும் ஒரு கருவி வேண்டும் அல்லவா?

இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றன. கதையில் தண்டனை பெறுபவர்கள் உண்மையிலேயே குற்றம் செய்தவர்கள். ராஜேந்திரன் நோயாளி என்று தெரிந்த பின்னும் அவர்கள் நல்லவர்களாகி விடவில்லை. போலீசும் பஞ்சாயத்தும் தொடாத குற்றங்களை யாரோ ஒருவர் தொட வேண்டியிருந்தது. நாவலாசிரியர் எழுப்பிய கேள்வி சாமி இருக்கிறதா என்பதைவிட, நியாயம் கேட்க வேறு இடம் இல்லாத ஊரில் ஒரு சிறுவனின் மனம் என்னவாகும் என்பதுதான். எல்லைச் சாமியிடம் வழக்குச் சொல்லிப் பழகிய தோட்டத்துக்காரருக்கு இது புத்தகத்தில் படித்து வர வேண்டிய விஷயமில்லை.

பின்னால் வந்த படங்கள் இந்த வழியைப் பிடித்துக் கொண்டன. 2005ல் 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும் அடுத்தடுத்து வந்தபோது, "இதெல்லாம் 'விடாது கருப்பு'வில் பார்த்ததுதானே" என்றார்கள் பழைய ரசிகர்கள். 'சந்திரமுகி'யின் மூலக்கதையான மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' 1993லேயே வந்து விட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'அந்நியன்' தண்டிக்கும் பட்டியலில் சுகாதாரம் இல்லாத சாப்பாடு விற்றவர் வரை வருகிறார். கருடபுராணம் கையில் இருக்கிறது. கிராமம் மட்டும் இல்லை. கிராமத்தை எடுத்து விட்டால் கருப்பர் வெறும் ஆத்திரக்காரர். நாகா 2010ல் எடுத்த 'ஆனந்தபுரத்து வீடு' படத்தின் எழுத்தில் இந்திரா சௌந்தர்ராஜனுக்கும் பங்குண்டு. அதில் வரும் ஆவிகள் குழந்தையைக் காக்கும் ஆவிகள். பயமுறுத்தவில்லை என்று குறை சொன்னார்கள். செத்துப்போன பாட்டியும் தாத்தாவும் வீட்டைச் சுற்றிக் காவல் இருக்கிறார்கள் என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு அது குறையாகத் தெரியாது.

கருப்பர் எங்கே போனார்?

குதிரையில் ஏறிக் காவல் செய்யும் சாமிக்கு ஓர் எல்லை வேண்டும். கெடாவில் அந்த எல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். இதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம். எல்லாத் தோட்டத்தையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு விடியுமுன் போக வேண்டிய அவசியமில்லை; ஆளும் குறைவாகப் போதும். 1996ல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. சுங்கைப்பட்டாணியைச் சுற்றித் தாமான்கள் எழுந்தன. பால்வெட்டுக்காரரின் மகள் தொழிற்சாலை பஸ்ஸில் இரவு வேலைக்குப் போனாள். அங்கும் இருட்டு உண்டு, ஆனால் அது குழல் விளக்கு எரியும் இருட்டு.

மாரியம்மனுக்குப் புதிய தாமானில் எப்படியோ நிலம் கேட்டு வாங்கிக் கோபுரம் எழுப்பி விடலாம். மரத்தடிச் சாமிக்கு நிலப்பட்டா கிடையாது, பதிவு எண் கிடையாது. மண்வாரி இயந்திரம் வரும்போது அது ஒரு கல், ஓர் அரிவாள், ஒரு மரம். ஒன்றிரண்டு இடங்களில் அந்தக் கல்லைப் பெயர்த்துக் கொண்டு போய்த் தாமான் மூலையில் தகரக் கொட்டகை போட்டு வைத்தார்கள். கோயில் உடைப்புகள் நாடு முழுதும் பெரிய மனவருத்தமாகிப் புகைந்து, 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட கூட்டத்தில் வந்து வெடித்ததை எல்லோரும் அறிவார்கள். கருப்பர் நோயா சாமியா என்று ரசிகர்கள் வாதிடும்போது, குரல் ஏன் அவ்வளவு உயர்கிறது என்பதற்கு விடை இந்த இடத்தில் இருக்கிறது. தொடரில் கருப்பரை மருத்துவர் அகற்றினார். இங்கே மேம்பாட்டாளர் அகற்றினார். முதலாவதை வாதம் செய்து மறுக்கலாம்.

இந்த மண்ணின் கதையை இந்த மண்ணிலிருந்தே எழுத ஆட்கள் வராமலில்லை. பீடோங்கில் பிறந்த ரெ.கார்த்திகேசு, மர்மக் கதையை நாடாமலே தோட்டத்திலிருந்து பட்டணம் போன மனங்களை எழுதினார், 2016ல் மறைந்தார். சுங்கைப்பட்டாணி கே.பாலமுருகன் பிள்ளைகளுக்காக 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' எழுதினார். தமிழகத்துப் பங்களாவைத் தேடாமல் உள்ளூரிலேயே ஒரு குகை கிடைத்ததில் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷம்!

லூனாஸில் பிறந்த ம.நவீனின் 'பேய்ச்சி' 2019ல் வந்தது. பெயரைப் பார்த்துப் பேய்க்கதை என்று வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். காக்கவும் செய்வாள், அழிக்கவும் செய்வாள் என்ற தாய்த்தெய்வத்தின் பெயர் அது. 1981ல் லூனாஸில் விஷச்சாராயம் குடித்துப் பலர் மாண்டு போன சம்பவம் நாவலின் நடுவில் இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த அந்த நாள்களைக் காட்டிலும் பெரிய திகிலை எந்த மாத நாவல் எழுதி விட முடியும்? கெடாத் தோட்டங்களில் 1940களின் பிற்பகுதியிலேயே தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைக்கு எதிராக நின்று போலீஸ் அடியும் குண்டும் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பின்னும் 1981 நடந்தது.

2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு 'பேய்ச்சி'யைத் தடை செய்தது. ஆபாசம், ஒழுக்கக்கேடு என்பது காரணம். வேண்டும் என்றவர்கள், வேண்டாம் என்றவர்கள் இரு பக்கமும் தமிழர்கள் இருந்தார்கள். நாவலில் வரும் வசைச்சொற்கள் தோட்டத்தில் கேட்டவைதான் என்றது ஒரு பக்கம். கேட்டதையெல்லாம் அச்சில் போட வேண்டுமா என்றது மறு பக்கம். தடைக்குப் பிறகு, அதுவரை நாவலே படிக்காதவர்களும் அந்தப் புத்தகத்தைத் தேடினார்கள். பழைய காலத்து மாத நாவலைப் போல அதுவும் கைமாறியிருந்தால், இந்த முறை அட்டை கிழிந்ததனால் இருக்காது. உறை போட்டு மறைத்ததனால் இருக்கும்.

பாலிங் போகும் பாதையில் இன்று இருபுறமும் செம்பனை. இரவில் கார் ஓட்டிப் போகிறவர்கள் சில இடங்களில் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால், அப்பா அடிப்பார் என்கிறார்கள். அங்கே ஒரு மரம் இருந்ததாம், மரத்தடியில் ஓர் அரிவாள் நட்டிருந்ததாம். இப்போது மரமும் இல்லை, அரிவாளும் இல்லை. ஹாரன் மட்டும் அடிக்கிறார்கள்.